காலேஜ் தேடித் தரும் சைட்டுகளும் உன் பிளஸ் டூ பிள்ளைகளும்

அன்பு மக்களே,

பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு எந்தெந்த சைட்டைக் காட்டலாம் என்று கேட்டு நீ அனுப்பிய லிங்க் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இந்த வேலை உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வீட்டில் யாருமே காலேஜ் பக்கம் போகாத பிள்ளைக்கு, ரிசல்ட் வந்த வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தக்கலைப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்கப் பார்த்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகும் மே மாதம் வந்தால் நம் திண்ணையில் அதுதான் நடக்கிறது.

நீ அனுப்பிய சைட்டுகளில் முக்கால்வாசி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: இந்த மார்க்குக்கு எங்கே இடம் கிடைக்கும்? அது தேவையான கேள்விதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே போய் மூன்று நாலு வருஷம் தாக்குப்பிடிக்குமா, பாடம் புரியுமா, சொன்ன காலத்தில் முடித்து வெளியே வருமா, வீட்டைக் கடனில் தள்ளாமல் வருமா என்கிற கேள்வி வேறே. முதல் கேள்விக்கு மெஷின் போதும். இரண்டாவதுக்கு நீ வேண்டும்.

முதலில் இன்ஜினியரிங் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் அதிகம் பேர் அதற்குத்தான் வருவார்கள். 2018இல் டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போகும் முன்பு நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவோ மாமாவோ துணைக்கு வர ராத்திரி ரயிலேறி, 700 கிலோமீட்டர் தாண்டி கிண்டிக்குப் போய், ஸ்கிரீனைப் பார்த்து சில நிமிஷத்தில் காலேஜைச் சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே யோசித்து லிஸ்ட் போடலாம். அந்த அவகாசத்தைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்றால், பலர் இல்லை. ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் ஒருவனுக்குப் போட்ட லிஸ்டையே அடுத்தவனுக்கும் போட்டு அனுப்புகிறார்கள், பிள்ளைக்கு தன் லிஸ்டில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. லாகின் பாஸ்வேர்டு பிள்ளையிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு.

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குப் பிள்ளையின் கட் ஆஃப் மார்க். போன வருஷங்களில் காலேஜ்களின் கட் ஆஃபை காலேஜ் வாரியாக, பிரிவு வாரியாக, இனவாரியாக டி.என்.இ.ஏ. சைட்டிலேயே பார்க்கலாம். மார்க்கைப் போட்டால் எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று சொல்கிற பிரெடிக்டர் சைட்டுகளில் பலதும் இந்தக் கணக்கை எடுத்துத்தான் அழகாகக் காட்டுகின்றன, அதற்கு ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொள்கின்றன. அப்புறம் எங்கெங்கோ இருந்து கால் வரும், ‘மேனேஜ்மென்ட் சீட் இருக்கு, இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்’ என்று. ஃபோன் நம்பர் கேட்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்.

ஒரு காலேஜின் கட் ஆஃப் என்றால் என்ன என்பதை போர்டில் எழுதிக் காட்டு மக்களே, பெரியவர்களுக்கே இது தெளிவாக இல்லை. அந்த வருஷம், அந்தப் பிரிவில், அந்த ஒதுக்கீட்டில், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மார்க். அவ்வளவுதான். எவ்வளவு பேர் அந்தப் பிரிவுக்கு முண்டியடித்தார்கள் என்பதை அது சொல்லும், உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்பதை அது சொல்லாது. வருஷத்துக்கு வருஷம் மார்க்கின் போக்கும் மாறும். 2021இல் பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். அந்த வருஷத்துக் கட் ஆஃபை மற்ற வருஷத்தோடு சேர்த்து சராசரி எடுத்துக் காட்டுகிற சைட்டை நம்பவே வேண்டாம். மார்க்கைவிட ரேங்க்கை வைத்து ஒப்பிடுவது கொஞ்சம் மேல்.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய காலேஜ்களை ஆன்லைனில் வரிசையாக எழுதிக் கொடுப்பது. இதை ஒரு கணக்கு டீச்சராக அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் உன் லிஸ்டை மேலிருந்து கீழே பார்க்கிறது, உன் ரேங்க்கின் முறை வரும்போது எது காலியாக இருக்கிறதோ அதில் மேலே இருப்பதைத் தருகிறது. ஆகவே உண்மையில் ஆசைப்படுவதை முதலில் எழுதினால், கிடைக்காவிட்டாலும் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ‘கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்’ என்று பயமுறுத்துகிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அந்தப் பயத்தில் கிடைக்கிற காலேஜை முதல் வரியில் போட்ட பிள்ளைக்கு அதுவேதான் கிடைக்கும். ஆசை வரிசைப்படி எழுது, லிஸ்டை நீளமாக எழுது, ஒருநாளும் சேர மாட்டேன் என்கிற காலேஜை மட்டும் எழுதாதே. இதை அவர்கள் மனதில் பதிய வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, எந்த சைட்டும் தன் பெட்டியில் இருப்பதைத்தான் காட்டும். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். பிரெடிக்டரில் மார்க்கைப் போட்டிருக்கிறான், முப்பது நாற்பது இன்ஜினியரிங் காலேஜ் வந்து விழுந்திருக்கிறது, எல்லாம் மெக்கானிக்கல், சிவில். அவனிடம் பேசினால் சாளை மீன் எந்த மாசம் கரைக்கு வரும், ஏன் வராமல் போகிறது என்பதிலேயே பேச்சு சுற்றுகிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, 1977இலிருந்து நடக்கிறது, நாலு வருஷப் பட்டம், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. டி.என்.இ.ஏ. லிஸ்டில் அது வராது, வர வழியும் இல்லை. வேளாண்மை, கால்நடை, சட்டம், அரசு கலை அறிவியல் கல்லூரி எல்லாம் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கடைசித் தேதி. இந்தத் தேதிகளை ஒரே சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டிவிடு, எந்த ஆப்பைவிடவும் அது உதவும்.

சரி, வெளிநாட்டு சைட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தாயே. உன் அண்ணன் மகள் அமெரிக்காவில் இப்போதே காலேஜ் தேடத் தொடங்கிவிட்டாள், வீடியோ காலில் தன் ஸ்கிரீனை எனக்குக் காட்டினாள். காலேஜ் ஸ்கோர்கார்டு என்று அமெரிக்கக் கல்வித் துறையே 2013இல் தொடங்கியது. காலேஜ் பெயரைத் தட்டினால் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள், உதவித்தொகை கழித்து வருஷத்துக்குச் சராசரியாக எவ்வளவு செலவு, முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள் என்று வருகிறது. சம்பளக் கணக்கு அரசின் கல்வி உதவி பெற்றவர்களை மட்டும் வைத்து எடுத்தது, அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 2011இலிருந்து அங்குள்ள காலேஜ்கள் தங்கள் சைட்டில் ஒரு கால்குலேட்டர் வைத்தாக வேண்டும் என்று சட்டம், வீட்டு வருமானத்தைப் போட்டால் நமக்கு எவ்வளவு செலவாகும் என்று தோராயமாகச் சொல்லும். பள்ளிக் கவுன்சலர்களுக்கு நேவியன்ஸ் என்று ஒன்று, அந்தப் பள்ளியில் முன்பு படித்தவர்களில் எந்த மார்க்குக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டுகிறது.

அந்த சைட்டுகள் உன் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவாது. அவை கேட்கிற கேள்விகள் உதவும். எத்தனை பேர் முடித்தார்கள் என்று நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? ஆனால் அதற்கான விவரம் நம்மிடமும் இருக்கிறது, தேட வேண்டும். மத்திய அரசு காலேஜ்களை வரிசைப்படுத்துகிற என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க்கிங் 2016இலிருந்து வருகிறது, எல்லோரும் ரேங்க் நம்பரோடு நின்றுவிடுகிறார்கள். அதற்காகக் காலேஜ்கள் கொடுத்த விவரம் பி.டி.எஃப்.ஆக இருக்கிறது, பல காலேஜ்கள் தங்கள் சைட்டிலும் போட்டிருக்கின்றன. அதில் ஒரு அட்டவணை: இந்த வருஷம் இத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் இத்தனை பேர் முடித்தார்கள், இத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் இவ்வளவு, இத்தனை பேர் மேல்படிப்பு. முடித்தவர்களைச் சேர்ந்தவர்களால் வகுக்கச் சொல், பத்தாம் வகுப்புக் கணக்குதானே. பேருந்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ‘அதிகபட்ச சம்பளம்’ ஒரே ஒரு பையன் வாங்கியது. இடைநிலை என்றால் வேலை கிடைத்தவர்களில் நடுவில் நிற்கிறவன் வாங்குவது, உன் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அந்த எண். காலேஜ் தானே கொடுத்த விவரம் என்பதையும் மறக்க வேண்டாம். தர மதிப்பீட்டில் நாக் (NAAC) கிரேடு முழுக் காலேஜுக்கு, என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம் குறிப்பிட்ட பிரிவுக்கு, இரண்டையும் ஒன்றாக நினைத்து நிறைய பேர் குழம்புகிறார்கள்.

பணக் கணக்குதான் உன் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் முக்கியம், எந்த பிரெடிக்டரும் இதைச் சொல்லவில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது அல்லவா, அதில் சேருகிற இன்ஜினியரிங் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டுகிறது. ‘ஹாஸ்டலுக்குப் பணம் ஏது’ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பக்கத்துக் காலேஜை மட்டும் எழுதுகிற பெண்பிள்ளைகளுக்கு இதை அப்பா அம்மாவைக் கூப்பிட்டு வைத்துச் சொல். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வைத்துவிடு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாசம் 1000 ரூபாய் வரும், பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

அதற்காக தூரத்துக் காலேஜுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அப்பா ரப்பர் பால்வெட்டு, நல்ல கட் ஆஃப், கோயம்புத்தூரில் இ.சி.இ. கிடைக்கும் என்று சைட் சொன்னது. ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்டேன், கொஞ்சம் யோசித்து ‘கணக்கு, டீச்சர்’ என்றாள். ‘மார்க் வீணாகிவிடும்’ என்று உறவுக்காரர்கள் எல்லாம் கத்தினார்கள். நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள், அப்புறம் எம்.எஸ்சி., பி.எட்., இப்போது வகுப்பெடுக்கிறாள். அதே வருஷம் அவள் கூடப் படித்த பையன் ஊரைவிட்டுப் போனால்தான் படிப்பேன் என்றான், போனான், நன்றாகத்தான் இருக்கிறான். இரண்டு பேருக்கும் கட் ஆஃப் கிட்டத்தட்ட ஒன்றுதான் மக்களே.

ஆகவே லேப்பில் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன்பு ஒரு தாளைக் கொடு. யாரும் சொல்லாமலே நீ உட்கார்ந்து செய்கிற வேலை எது? தமிழ் வழியில் படித்துவிட்டு ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பாடம் கேட்க உனக்கு எவ்வளவு பயம்? வீட்டில் உன் உதவி யாருக்குத் தேவை? எத்தனை நாளுக்கு ஒருதரம் வீட்டுக்கு வராவிட்டால் உனக்கு ஆகாது? எழுதி முடித்த பிறகு சைட்டைத் திறக்கட்டும், மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். காலேஜ் பெயர் வந்ததும் மேப்பில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் எவ்வளவு தூரம், ஹாஸ்டல் கேம்பஸுக்குள்ளா வெளியேயா என்று பார்க்கச் சொல். தருமபுரி செட்டிகரையில் அரசுப் பொறியியல் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு நாள் நேரிலேயே கூட்டிக்கொண்டு போகலாம்.

நீ செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது ஒன்று இருக்கிறது. உன் பள்ளியில் கடந்த சில வருஷம் படித்து முடித்த பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள், என்ன கட் ஆஃப், என்ன பிரிவு, எவ்வளவு செலவு என்று ஒரு கூகுள் ஷீட் போடு. நேவியன்ஸ் போல இடம் கிடைத்ததோடு நிறுத்தாதே. இரண்டாம் வருஷத்திலும் அங்கேயே இருக்கிறார்களா, அரியர் எத்தனை, யார் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்பது வரை கேட்டு எழுது. ஆரம்பத்தில் இருபது பேர் தேறினாலும் போதும். உன் ஊர், உன் பள்ளி, அதே பஸ், அதே தமிழ் வழி, அதே வீட்டு நிலைமை. இந்த விவரம் டெல்லியிலும் கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது. படிப்பை விட்டவர்கள் பேச யோசிப்பார்கள், அவர்களிடம் நீயே போய்ப் பேசு, மாணவர்களை அனுப்பாதே.

இதையெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டே செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் போதும் என்று அவர்கள் சங்கம் சொல்கிறது, அதுவும் அந்த வேலை மட்டுமே பார்க்கிறவர்களுக்கு. உனக்கு வகுப்பும் உண்டு, விடைத்தாளும் உண்டு. அதனால் அரையாண்டு லீவுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா, ஷீட்டில் எந்தெந்த விவரம் வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம், ஃபோன் போட்டு விசாரிக்கிற வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நேரம் இருக்கிறது. பிள்ளைகளின் பெயரையும் ஃபோன் நம்பரையும் தனி ஷீட்டில் பூட்டி வை, மற்றவர்கள் பார்க்கிறதில் அவை இருக்கக்கூடாது.

அன்புடன்,
அம்மா