அதிபரின் இரண்டாம் தவணைக் கடிதம்: விஞ்ஞான அவதானக் கொப்பி பற்றி

அன்புள்ள பெற்றோரே, பாதுகாவலர்களே,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

இரண்டாம் தவணை முடிவுக்கு வந்துவிட்டது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் வலய மட்ட விளையாட்டுகளிலும் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். சாரணர்களும் பாடகர் குழுவும் மாணவத் தலைவர்களும் தங்கள் பொறுப்பில் குறை வைக்கவில்லை. தண்ணீர்த் தாங்கி கழுவச் சனிக்கிழமை வந்து கைகொடுத்த தந்தையருக்கும், திரைச்சீலை தைத்துத் தந்த தாய்மாருக்கும் பாடசாலையின் நன்றி. பரீட்சைப் புள்ளிகள் தேர்ச்சி அறிக்கையில் உள்ளன. அவை பற்றி வகுப்பாசிரியரோடு பேசிக்கொள்ளுங்கள்.

இந்த முறை உங்களோடு விரிவாகப் பேச வேண்டியது தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளின் விஞ்ஞான அவதானக் கொப்பியைப் பற்றி.

இந்த நான்கு ஆண்டுகளில் விஞ்ஞானத்தால் பிள்ளைக்கு என்ன கைவர வேண்டும் என்று ஆசிரியர்களோடு இருந்து பேசி வகுத்திருக்கிறோம். தரம் 6 முடியும்போது கண்டதைக் கண்டபடி எழுதவும் பெயர் குறித்துப் படம் வரையவும் தெரிய வேண்டும். தரம் 7இல் அளக்கப் பழக வேண்டும். அளவுச்சாடியைக் கண்மட்டத்தில் வைத்து நீர்மட்ட வளைவின் அடிப்பக்கத்தை வாசிப்பதும், எண்ணோடு அலகையும் எழுதுவதும் அந்த வயதிலேயே படிய வேண்டும். தரம் 8 பிள்ளைக்கு, ஒன்றை மாத்திரம் மாற்றி மற்ற எல்லாவற்றையும் ஒரேமாதிரி வைத்துப் பரிசோதனை செய்ய வர வேண்டும். தரம் 9இல் தன் அட்டவணையைப் பார்த்துத் தானே ஒரு முடிவு சொல்ல வேண்டும், அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இவை எதுவும் பாடமாக்குவதால் வருவதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் பரிசோதனை அமைப்பின் படத்தைத் தந்து கேள்வி கேட்கிறார்கள். அதைத் தன் கையால் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிள்ளை தடுமாறாது.

நமது பாடசாலைக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. கர்த்தருடைய செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்வார்கள் என்று 111ஆம் சங்கீதம் சொல்கிறது. கேம்பிரிட்ஜில் 1870களில் கட்டப்பட்ட கவென்டிஷ் ஆய்வுகூடத்தின் பழைய வாசற்கதவில் லத்தீனில் செதுக்கியிருப்பதும் இதே வசனம்தான். ஆராய்வது என்றால் உற்றுப் பார்ப்பது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தரம் 7 பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஒப்படை ஒன்று கொடுக்கப்பட்டது. இரண்டு யோகட் கோப்பை, அடியில் நாலு சிறு துளை, இரண்டிலும் ஒரே அளவு பஞ்சு, ஓர் இரவு ஊறிய பாசிப்பயறு பத்துப் பத்து. ஒரு கோப்பை யன்னலோரம். மற்றது அலுமாரிக்குள், அட்டைப்பெட்டியால் மூடி. காலையில் இரண்டுக்கும் தலா 10 மில்லிலீற்றர் தண்ணீர். பாணிமருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடியே அதற்குப் போதும். ஒவ்வொரு கோப்பையிலும் மூன்று நாற்றுக்குப் பக்கத்தில் ஈர்க்குத் துண்டு குத்தி அடையாளம் வைத்து, அந்த மூன்றின் உயரத்தையும் நாள்தோறும் மில்லிமீற்றரில் எழுத வேண்டும்.

கொப்பிகள் வந்து சேர்ந்தன. அட்டை அழகு, எழுத்து அழகு. ஆனால் பல கொப்பிகளில் வெளிச்சத்தில் இருந்த நாற்று உயரமாகவும் இருட்டில் இருந்தது கட்டையாகவும் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் நடப்பது நேர்மாறு. இருட்டில் முளைத்த பயறு வித்திலையில் சேர்ந்திருக்கும் உணவைச் செலவழித்து, வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். ஐந்தாம் ஆறாம் நாளிலேயே அது யன்னலோர நாற்றைவிட நீளம் என்பது அடிமட்டம் இல்லாமலே தெரியும். ஆனால் மெலிந்து, வெளிறிய மஞ்சளாக, நுனி கொக்கிபோல வளைந்து நிற்கும், இலையும் சரியாக விரியாது. இருட்டில் பச்சையம் உருவாவதில்லை என்பதுதான் நிறம் வெளிறுவதற்குக் காரணம். பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்த பிள்ளை இதைப் பிழைவிட்டு எழுதவே முடியாது. திறந்து பார்க்காமல், ‘வெளிச்சம் இருந்தால்தானே செடி வளரும்’ என்று யோசித்து எழுதிய கைதான் பிழைவிடும்.

ஒட்டியிருந்த வர்ணப் படங்களும் அதையே காட்டிக்கொடுத்தன. அவை பயற்றம் நாற்றின் படங்கள் அல்ல, போஞ்சி நாற்றினுடையவை. போஞ்சியின் முதற் சோடி இலை அகன்று இதய வடிவாக இருக்கும். பயற்றின் முதற் சோடி ஒடுங்கி, ஈட்டிமுனைபோல இருக்கும். கொம்யூனிகேசன் கடையில் தேடி எடுத்துப் பிரதி போட்டவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை. பத்து நாள் பார்த்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

தரம் 8இலும் கவலைப்பட ஒன்று இருந்தது. இலையில் மாப்பொருள் சோதிக்கும் பரிசோதனையில், இலை இருந்த மதுசாரத்தை ‘சுவாலையில் நேரடியாகச் சூடாக்கினோம்’ என்று சில கொப்பிகளில் ஒரே வசனம். அப்படி எவரும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. மதுசாரம் கொதிப்பது ஏறத்தாழ 78 பாகை செல்சியசில். அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். அதனால்தான் முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சுடரை அணைத்து, அந்தச் சுடுநீருக்குள் மதுசாரக் கொதிகுழாயை நிறுத்துகிறோம். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் இதை இரண்டு தடவை சொன்னார். வேறொருவர் எழுதியதைப் பார்த்து எழுதும் பிள்ளை தன் கண்ணால் கண்டதைக்கூட விட்டுவிடுகிறது. வீட்டில் அதைச் செய்துபார்க்க நினைத்தால் கை வெந்துபோகும்.

உங்கள் மனத்தை நோகச் செய்வது என் நோக்கம் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு, நாளைக்குக் கொப்பி கொடுக்க வேண்டும் என்று பிள்ளை அழுதால் எந்தத் தாய்க்கும் பொறுக்காது. மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து விடிய முன் பஸ் ஏறிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ரியூசன் முடிந்து இருட்டிய பின் வீடு சேருகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா வெளிநாட்டில் இருக்க, அம்மம்மாவே எல்லாவற்றையும் பார்க்கும் வீடுகளும் உண்டு. நீங்கள் உதவியது அன்பினால்தான் என்பதை நாங்கள் அறிவோம். ஒப்படையின் படிகளை எழுத்தில் தராமல் வகுப்பில் வாயால் மட்டும் சொன்னது எங்கள் பக்கக் குறை. அடுத்த தவணை முதல் ஒவ்வோர் ஒப்படையும் அச்சிட்ட தாளில், படி படியாக வரும்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவதானக் கொப்பி என்பது சாட்சி. அளக்காததை அளந்ததாக எழுதினால் அது பொய்ச்சாட்சி. காலைக் கூட்டத்தில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிவிட்டு, விஞ்ஞானக் கொப்பியில் அதை மீறப் பிள்ளைக்குப் பெரியவர்களே வழிகாட்டுவதை இந்தப் பாடசாலை ஏற்காது. மூன்றாம் தவணை முதல், வேறொருவர் கையெழுத்தில் உள்ள கொப்பிக்கும் கடையில் அச்சடித்த ஒப்படைக்கும் புள்ளி இல்லை. அவை திருப்பி அனுப்பப்படும். முடித்த கொப்பியின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு படம் போட்டால் மறுநாள் முப்பது கொப்பியிலும் ஒரே எண் வருகிறது.

இந்தத் தவணைக்காக எவருடைய புள்ளியையும் குறைக்கவில்லை. பயற்று ஒப்படையை விடுமுறையில் திரும்பச் செய்து, பாடசாலை தொடங்கும் முதல் வாரத்தில் தரலாம். பயறு பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும். கடையில் வாங்கினால் முழுப் பயறாக வாங்குங்கள், உடைத்த பருப்பு முளைக்காது. வண்டு துளைத்ததை ஒதுக்கிவிடுங்கள். ஊறவைத்தும் பருக்காமல் கல்லுப்போல இருக்கும் விதை ஒன்றிரண்டு வரும். அதை எடுத்துவிட்டு வேறொன்று போடலாம், போட்டதை எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கே பிழை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளையில்லாத கோப்பையில் தண்ணீர் தேங்கும். இருட்டுக் கோப்பை மெதுவாகக் காய்வதால் அதில்தான் கூடத் தேங்கும். விதைக்கும் ஒட்சிசன் வேண்டும், தண்ணீரில் மூழ்கிய விதை அழுகி மூன்றாம் நாளே மணக்கத் தொடங்கும். இப்போது வறண்ட கச்சான் காற்றுக் காலம், யன்னலோரப் பஞ்சு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதற்காக அந்தக் கோப்பைக்கு மட்டும் தண்ணீர் விட்டால் மாறியது வெளிச்சம் மட்டுமா, தண்ணீருமா என்று பிறகு சொல்ல முடியாது. விடுவதானால் இரண்டுக்கும் விட வேண்டும். பெரும்பாலான அடிமட்டங்களில் பூச்சியம் விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளியே இருக்கும். அப்படியே பஞ்சில் ஊன்றி அளந்தால் எல்லா உயரமும் அந்த அளவு குறைவாக வரும். ஊன்றி அளந்து, அந்த இடைவெளியைக் கூட்டி எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஒப்படையில் ஆகக் கூடிய புள்ளி பெற்ற கொப்பி அழகான கொப்பி அல்ல. அதில் நாலாம் நாளுக்கு நேரே, ‘கோழி கொத்தி 3 போய்விட்டது. மிச்சம் 7’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஏழுக்கே கணக்கு. இன்னொரு கொப்பியில், கொதிநீரின் வெப்பநிலைக்கு முதலில் 98 என்று எழுதி, தாள் மெலிந்து அடுத்த பக்கம் தெரியும்வரை அழிறப்பரால் தேய்த்து, 100 என்று மாற்றியிருந்தது. 98 பிழையல்ல. பாடசாலை வெப்பமானி ஒரு பாகை கூடக் குறையக் காட்டலாம், குமிழ் முழுதாக அமிழாமல் இருந்திருக்கலாம். அந்த 98ஐ அப்படியே விட்டு, ஏன் இரண்டு குறைந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தரம் 9க்குரிய சிந்தனை அந்த இடத்திலேயே வந்திருக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி எளிது, அதற்கு விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. அளக்கும் நேரத்தை நினைவூட்டுங்கள். ‘இன்றைக்கு என்ன கண்டாய்?’ என்று கேளுங்கள். ஒரு நாள் தவறினால் அந்தக் கட்டத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதவிடுங்கள், அதற்குப் புள்ளி குறையாது. ஒப்படை கூடிப்போகிறது என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், குறைத்துத் தருவோம்.

மூன்றாம் தவணையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது தரம் 6 முதல் 9 வரை எல்லோரும் வீட்டில் மழைமானி வைப்பார்கள். அதற்கு வரியோ மடிப்போ இல்லாத நேர்ச்சுவருள்ள 1.5 லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று வேண்டும். தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேற்பாகத்தைத் தலைகீழாகப் புனலாக வைப்போம். அடி மேடுபள்ளமாக இருப்பதால் சிறு கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறிப்போம். கூரைத் தாழ்வாரமும் தென்னையும் எட்டாத வெளியில் வைக்க வேண்டும். நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் வாசித்து, மீண்டும் பூச்சிய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்யாத நாளிலும் வெயிலில் வற்றிய தண்ணீரை நிரப்பிவிட வேண்டும். அந்த நாளுக்கு 0 என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. கல்லடியில் 40 மில்லிமீற்றர் பெய்த இரவில் ஆரையம்பதியில் 15 பெய்திருக்கலாம். ஆகவே பக்கத்து ஊர்ப் பிள்ளையின் எண்ணோடு ஒத்துவரவில்லை என்று எவரும் பயப்பட வேண்டாம். எல்லா வீட்டு எண்களையும் வரைபடம் ஒன்றில் குறித்து விஞ்ஞான அறைச் சுவரில் ஒட்டுவோம். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பொறுமையாக வாசித்ததற்கு நன்றி. பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பி, வெள்ளைச் சீருடையைத் துவைத்து அழுத்தி, கேட்டபோதெல்லாம் பாடசாலைக்கு வந்து நிற்கும் உங்கள் உழைப்பை ஆசிரியர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். விடுமுறையில் பிள்ளைகள் நன்றாக உறங்கட்டும், விளையாடட்டும். பயறு வாங்க வருகிறவர்கள் வார நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை அலுவலகத்தில் கேட்கலாம்.

கர்த்தருடைய பணியில்,
அதிபர்