கதவில் ஒரு கோடு, அதற்குக் கதவு முழுக்க பெயின்டா?

காரைக் குத்தகைக்கு விட்டு, காலம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் மதுரைக் கிளை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒப்பந்த எண், வண்டி எண் எல்லாம் உங்களிடமே இருக்கிறது. குத்தகை முடிந்து நான் காரை ஒப்படைத்தபோது என் டெபாசிட்டில் எவ்வளவு பிடித்தீர்கள் என்பதும் தெரியும். அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். இனிமேல், ஒப்படைக்கும் நாளுக்குச் சில வாரம் முன்னாடியே காரை வந்து பாருங்கள். எது சாதாரணத் தேய்மானம், எது சேதம், எதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். சரிசெய்துகொள்ள எங்களுக்கு அவகாசம் கொடுங்கள்.

இடது பின்கதவை மட்டும் எடுத்துக்கொள்வோம். கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு, ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். கீழமாசி வீதியில் கார் நிறுத்தியவர்களுக்கு அது எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டை ஏற்றிய டூவீலர் உரசிக்கொண்டு போயிருக்கும், போனவருக்கே தெரிந்திருக்காது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தால் தட்டவில்லை. தட்டவில்லை என்றால் கீறல் மேலே இருக்கிற 'கிளியர் கோட்' என்கிற நிறமில்லாத பூச்சோடு நின்றுவிட்டது, கலர் வரைக்கும் போகவில்லை என்றுதான் டிங்கரிங் பட்டறையில் சொல்வார்கள். காம்பவுண்ட் போட்டு ரப்பிங், அப்புறம் பாலிஷ், அவ்வளவுதான் வேலை. உங்கள் ஆய்வாளர் தம்பி அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டோ எடுத்தார். "நகத்தை வச்சுப் பாருங்க தம்பி" என்றேன். "ஆப்புல அதுக்கு இடமில்ல சார், கீறல் இருக்கா இல்லையான்னுதான் கேக்கும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்திலேயே பட்டறை இருக்கிறது, இப்போதே பாலிஷ் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று கேட்டதற்கு, சாவி வாங்கியாச்சு, சிஸ்டத்தில் ஏத்தியாச்சு என்று பதில் வந்தது. பிறகு பில் வந்தது: இடது பின்கதவு, முழு பேனல் பெயின்டிங். பம்பர் ஓரத்தில் இருந்த தேய்ப்புக்கும் இதே கணக்குதான்.

இந்த ஊரில் காரில் ஒரு கோடுகூட விழக்கூடாது என்றால் கோரிப்பாளையம் பக்கமே போகக்கூடாது, சித்திரைத் திருவிழா முடிகிற வரை ஷெட்டை விட்டு எடுக்கக்கூடாது, அழகரையே டிவியில்தான் பார்க்க வேண்டும். காருக்குப் பட்டு போர்த்திச் சூடம் காட்டிவிட்டு மாசாமாசம் உங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு வீடு முழுக்க வெள்ளையடிக்கிற காசைப் பிடிக்கும் ஹவுஸ் ஓனர்களைப் பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு, நம்ம ஊரில் எல்லாத் தொழிலிலும் இப்படித்தான் ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. பிரிட்டனில் வாடகை, குத்தகை வாகன நிறுவனங்களின் சங்கமே இதற்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. கலருக்கு அடியில் அடிக்கும் ப்ரைமரோ தகரமோ வெளியே தெரியாத வரை, காரின் வயதையும் ஓட்டத்தையும் பொறுத்து, 25 மில்லிமீட்டர் வரையிலான கீறலைத் தேய்மானமாக ஏற்றுக்கொள்கிறார்கள். என் கோடு அதைவிட நீளம்தான், அந்தக் கணக்கில் அது சேதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே ஒப்படைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் முன்பே காரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார்கள், அளவும் முதலிலேயே தெரியும். உங்கள் ஒப்பந்தத்தில் 'நியாயமான தேய்மானம்' என்று இரண்டே வார்த்தை. எது நியாயம் என்பது சாவி கைமாறிய பிறகுதான் தெரிகிறது.

நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் போடும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்தப் புகாரை விசாரிக்கிற மாநில நுகர்வோர் ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அங்கே அலைய எனக்கும் ஆசையில்லை.

ஆகவே தயவுசெய்து, முன்கூட்டியே பாருங்கள், எழுதிக் கொடுங்கள், சரிசெய்ய விடுங்கள். என் கதவுக்குப் பாலிஷ் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். என் ஆபீஸ் நண்பரின் காரும் அடுத்த மாதம் உங்களிடம்தான் வருகிறது, அதில் முன்கதவில் ஒரு சின்ன நசுங்கல் இருக்கிறது. அதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று இப்போதே சொல்லிவிட்டால் அவர் பட்டறையில் விட்டுவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், மதுரை