பழைய ஹீற்றர் எங்கே போனது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. விடியக் காலமை கிணற்றடியில் நின்று முதல் வாளியைத் தலையில் ஊற்ற யோசிக்கிற மாதம். தண்ணீர் சூடாக்கும் ஹீற்றர் பூட்டித் திருத்துகிற எங்கள் கடைக்கு வேலை குவிகிற மாதமும் இதுதான். வழக்கமாக இந்த நாட்களில் கடிதம் எழுத எனக்கு நேரம் கிடைக்காது. இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும், எங்களிடம் ஹீற்றர் மாற்றிய ஒரு அக்கா எங்கள் கடையைக் குறைசொல்லிப் பேசிய அந்தக் குரல் பதிவு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். லண்டனில் இருக்கிற என் மச்சானுக்கே யாரோ ஒரு வைபர் குழுவில் போட்டு, அவர் எனக்குத் திருப்பி அனுப்பி, "என்னடாப்பா இது?" என்று கேட்டிருந்தார்.

அதில் மூன்று குற்றச்சாட்டு. எந்த ஹீற்றரைக் காட்டினாலும் உள்ளே தண்ணீர் நிற்கிற தாங்கி போய்விட்டது என்று சொல்லிப் புதியதை விற்கிறோமாம். விலை கூடவாம். கழற்றிய பழைய ஹீற்றரை இரும்புக்கு விற்றுக் காசு பார்க்கிறோமாம். முதல் இரண்டையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன், கடை என்று திறந்தால் அதெல்லாம் வரும்தான். மூன்றாவதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

நடந்தது இதுதான். அந்த அக்காவின் வீட்டு ஹீற்றர் ஒன்பது வருடப் பழசு, 50 லீற்றர். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டியபோது போட்டது. போட்டதும் நாங்கள்தான். அடித்தகட்டில் பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டார். நானே போனேன். கரண்டை நிறுத்தி, வருகிற தண்ணீரைப் பூட்டி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் அதற்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். தண்ணீரைச் சூடாக்குகிற எலிமெண்ட் பூட்டுகிற வாயில் ரப்பர் வாசர் தேய்ந்தும் தண்ணீர் வரலாம். அப்படியென்றால் சில நூறு ரூபாயோடு வேலை முடியும், நானும் அதைத்தான் விரும்பினேன். ஆனால் அந்த வாய் காய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் வந்தது தாங்கியின் ஒட்டிலிருந்து.

எலிமெண்ட் எரிந்தால் மாற்றலாம். சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் பழுதானால் மாற்றலாம். வால்வும் மாற்றலாம். தாங்கி ஓட்டையானால் மட்டும் ஒன்றும் செய்ய ஏலாது. உள்ளே இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. வெல்டிங் பிடித்தால் அந்தச் சூட்டில் பூச்சு வெடித்துப் போகும். ஒட்டிய இடம் நின்றாலும் பக்கத்தில் துரு தொடங்கும். அந்த அக்காவுக்கும் வேறொருவர் வந்து பசை பூசிக் கொடுத்தார், நான் குறை சொல்லவில்லை, அவரவர் பிழைப்பு. மூன்று கிழமை நின்றது. பிறகு திரும்பவும் எங்களைக் கூப்பிட்டு, மனமில்லாமல்தான் புதியது போட்டார்.

இனி அந்தப் பழைய ஹீற்றர். வேலைக்குப் போன பொடியன் அதை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், பிறகு அது பழைய இரும்புக்காரரிடம் போனது. வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அது எங்கள் பிழை, முழுக்க எங்கள் பிழை. வருடக்கணக்காக "இந்தக் குப்பையையும் கொண்டு போங்கோ தம்பி" என்று எல்லாரும் சொல்லிப் பழகியதால் அவனும் அப்படியே நினைத்துவிட்டான். ஆனால் அதில் நாங்கள் காசு பார்த்தோம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு ஹீற்றரைக் கழற்றிப் பாருங்கள். வெளித்தகட்டுக்கும் தாங்கிக்கும் நடுவில் மஞ்சள் நுரை இறுகிப்போய் இருக்கும். பழைய இரும்புக்காரர் நுரையோடு எடுக்கமாட்டார். எரித்தால் நச்சுப்புகை. ஆகவே ஒருவன் இருந்து கத்தியால் சுரண்ட வேண்டும், அரை நாள் போகும். தண்ணீரிலிருந்து படிந்து உள்ளே கட்டியாய் இருக்கிற கல்லை அவர் நிறையில் கழிப்பார். செம்பு என்று சொல்ல எலிமெண்ட் குழாய் மட்டும்தான், சிலதில் அதுவும் செம்பு இல்லை. கடைசியில் கைக்கு வருவது சுரண்டியவனின் கூலிக்கும் காணாது. நான் பழைய இரும்புக் கடையா வைத்திருக்கிறேன், இதை நம்பிப் பிழைக்க?

அந்தக் குரல் பதிவைக் கேட்ட அன்றே பழைய இரும்புக்காரரிடம் போய், விற்றதைவிடக் கூடக் கொடுத்து அந்தத் தாங்கியைத் திரும்ப வாங்கிவந்தேன். கிரைண்டரால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து கடை வாசலில் வைத்திருக்கிறேன். வந்து கையை விட்டுப் பாருங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கற்கண்டு உடைத்துக் கொட்டியது மாதிரி வெள்ளைக் கல். நடுவில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் தொங்குகிறது. புதிதில் அது பெருவிரல் தடிப்பில் இருந்த மக்னீசியக் கோல். தண்ணீர் இரும்பைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பதுதான் அந்தக் கோலின் வேலை. அது கரைந்து முடிந்த பிறகு தண்ணீர் தாங்கியில் கைவைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும் என்று ஹீற்றரோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. நாங்களும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டோம். இனி பில்லின் பின்பக்கம் தமிழில் எழுதித் தருகிறோம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கேத்தலின் அடியைப் பார்த்தாலே விளங்கும். பூநகரி, முழங்காவில் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீர் சூடாகும்போதுதான் கல்லாகப் படியும், சூடு கூடக்கூடப் படிவதும் கூடும். ஆகவே தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைக்காதீர்கள், 60 பாகை குளிப்புக்குத் தாராளம். எலிமெண்டைக் கல் மூடினால் அதன் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே நின்று எரித்துவிடும். "டொக் டொக்" என்று சத்தம் கேட்கத் தொடங்கினால் அப்போதே எங்களைக் கூப்பிடுங்கள், எலிமெண்டோடு முடித்துவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. சூடேறும்போது பக்கத்து வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அது பழுது இல்லை. சூடானால் தண்ணீர் பெருக்கும், பெருத்தது அந்த வழியால் வெளியேறுகிறது. ஒரு வீட்டில் அந்த வாயில் மரக்கட்டை அடித்து, மேலே சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தார்கள். கண்டதும் எனக்குக் கால் நடுங்கியது. தாங்கி வெடித்தால் குளியலறைச் சுவர் நிற்காது.

விலை பற்றியும் சொல்கிறேன். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. அதன் பிறகு அது எங்கே போய் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடம் மே மாதத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18. ஹீற்றர் கப்பலில் வருகிற சாமான், நான் கிளிநொச்சியில் இருந்து என்ன செய்வது? உடனடியாகச் சூடாக்கும் சின்ன ஹீற்றர் மலிவுதானே என்று கேட்கிறீர்கள். அது 3,500 வாற்ஸ் என்றால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் சூடாகி உருகலாம். ஆகவே தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல ஏர்த். பில்லில் "வயரிங்" என்று தனியாக நிற்பது இதற்குத்தான். சோலார் ஹீற்றர் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டைச் சுற்றிக் குரங்கு வருமா என்பது. கண்ணாடிக் குழாய்க்கு மேல் ஒரு தாட்டான் பாய்ந்தால் போதும்.

உண்மையைச் சொன்னால், இங்கே எல்லா வீட்டுக்கும் ஹீற்றர் தேவையில்லை. சித்திரை மத்தியானம் மேல்தாங்கித் தண்ணீர் கையைச் சுடும். வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் போடுங்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் அடுப்பில் ஒரு பானை வைத்தாலும் காரியம் நடக்கும். கடைக்காரன் சொல்லக் கூடாத பேச்சு, சரி, சொல்லிவிட்டேன்.

எங்களோடு எட்டு வருடம் நின்ற, ஹீற்றர் பூட்டுகிற பிற்றர் ஆவணியில் கட்டாருக்குப் போய்விட்டார். நல்லாயிருக்கட்டும், பிள்ளைகள் படிக்கிறார்கள். இப்போது நானும் ஒரு பொடியனும்தான். அதனால் மாங்குளத்துக்கு அப்பால் செவ்வாய், சனி மட்டும் வருவோம், பார்க்க வருகிற கூலி 1,500 ரூபாய், வேலை நடக்காவிட்டாலும் அது உண்டு, எங்கள் வேலைக்கான உத்தரவாதம் ஆறு மாதம்.

2022 இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு வந்த நாட்களில், வேலை முடியும் வரை போக விடாமல் சோறு போட்ட வீடுகள் இருக்கின்றன. கரண்ட் நின்ற நேரத்தில் கைவிளக்குப் பிடித்து நின்ற ஐயாமார் இருக்கிறார்கள். ஒரு அம்மா தோட்டத்து வாழைக்குலையைக் கூலியோடு சேர்த்துத் தந்தார். குரல் பதிவு வந்த பிறகும், "நீ வா தம்பி, எங்கடை ஹீற்றரையும் பார்" என்று கூப்பிட்டவர்கள் நீங்கள்தான். அதற்கு நன்றி என்ற சொல் போதாது.

இனிமேல் கழற்றிய பழைய ஹீற்றர் உங்கள் முற்றத்திலேயே இருக்கும். கொண்டுபோகச் சொன்னால் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஏற்றுவோம். அந்த அக்காவுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தாங்கியின் இரண்டு பாதியும் கடை வாசலில் இருக்கின்றன. வேண்டுமென்றால் லாண்ட்மாஸ்டரிலேயே கொண்டுவந்து இறக்குகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கரடிப்போக்குச் சந்திக் கடைக்காரன்