5-ஆம் எண் மூங்கிலைப் பிடிக்க என்னை அழைத்தவர்களுக்கு

இந்தோனேசியாவின் பாண்டுங் நூற்பாலையின் பகல் ஷிப்ட் தோழமைகளுக்கும், அங்க்லுங் என்ற மூங்கில் வாத்தியம் சொல்லித்தரும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம்.

என் இந்தோனேசிய மொழி மில் வேலைக்குத்தான் போதும்; நன்றி சொல்ல வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். நம் ஸ்டோரில் வேலை பார்க்கும் மெடான் நகரத்துத் தமிழ்த் தம்பி மொழிபெயர்த்து கேன்டீனில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். ஊரில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மாதாந்திர உற்பத்திக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். 'புன்தென்' (மன்னிக்கவும்) என்று கதவைத் தட்டிக்கொண்டு, நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவு அக்காக்கள் இருவர் வந்தீர்கள். ஆகஸ்ட் 17 சுதந்திர தின விழாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆசிரியர் வந்துவிட்டார், 5-ஆம் எண் பிடிப்பவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை, நீங்கள் வாருங்கள் என்றீர்கள். எனக்குப் பாட்டே வராது என்றேன். பாட வேண்டாம், ஆட்டினால் போதும் என்றீர்கள்.

அங்க்லுங்கில் ஆளுக்கு ஒரு ஸ்வரம்தான்; ஸ்வரத்துக்குப் பெயர் ஓர் எண். ஒரு சட்டத்தில் இரண்டு மூங்கில் குழாய்கள். ஒன்று மற்றதற்கு ஒரு ஸ்தாயி மேலே. இடக்கையில் தொங்கவிட்டு, வலக்கையால் அடிச்சட்டத்தை ஆட்ட வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருடைய ஸ்வரம் வரும் இடமெல்லாம் பாட்டில் ஓட்டை. முன்பு இந்தப் பகுதியின் சுண்டா மக்கள் நெல் தெய்வத்துக்காக வயலில் ஒலித்த கருவி இது. டோ, ரே, மீ என்று எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும்படி 1938-இல் மாற்றியமைத்த டாயெங் சுதிக்னா இதே பாண்டுங்கில் வாழ்ந்த ஆசிரியர். 2010-இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஐயா, நீங்கள் கைச்சாடையில் ஸ்வரம் காட்டத் தொடங்கியதும்தான் என் பயம் விட்டது. முஷ்டி என்றால் 1. உள்ளங்கை உங்கள் பக்கம் திரும்பினால் என்னுடைய 5. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. மில் வேலைக்கு வந்த இருபது வருடமாக நான் கையால்தான் பேசுகிறேன். அடுத்தவர் தொடங்கும்வரை விடாமல் ஆட்டு, இல்லாவிட்டால் பாட்டு அறுந்துவிடும் என்றீர்கள். இழை அறுந்தால் என்ன ஆகும் என்று மில்காரனுக்குச் சொல்லவா வேண்டும்! மூன்று முறை முந்திக்கொண்டேன். மூன்று முறையும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். நான்காவது முறை என் 5 சரியான இடத்தில் விழுந்து, பக்கத்தில் இருந்த 6-இன் கைக்குப் போனபோது என் கண் கலங்கிவிட்டது. இங்கே வந்து ஒன்றரை வருடத்தில் உங்களோடு கவுன்ட் (நூலின் பருமன்), வேகம், வேஸ்ட் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். அன்று முதல்முறையாக உங்கள் நடுவில் நின்றேன்.

கணக்கை ஆறு மணிக்கு அனுப்பினால் போதும் என்ற மேலாளருக்கு நன்றி. அந்த ஒரு மணி நேரம் என் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட மெயின்டனன்ஸ் அண்ணனுக்கும் நன்றி. அவர் டீ குடிக்கக்கூடப் போகவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பயிற்சி முடிந்து எனக்கென்று மிளகாய் குறைத்துப் பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயா) கொண்டுவந்த கேன்டீன் அம்மாவுக்கும் நன்றி.

5-ஆம் எண்ணின் உண்மையான சொந்தக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்குச் சரியாகி வியாழக்கிழமை நீங்கள் வந்தவுடன் அங்க்லுங்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து மேல் ஸ்தாயி 5-ஐ எடுத்து என் கையில் வைத்தீர்கள். அதற்கு ஆளே இல்லை என்றீர்கள்.

ஹாத்தூர் நுஹுன், தெத்தே (மிக்க நன்றி, அக்கா). சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்துவிடுகிறேன்.