மைனர் விசயமா அப்பா எழுதுறது

அன்பு மகள்,

அமெரிக்காவில உன்ர மேஜரான எகனொமிக்ஸோட குளோபல் ஸ்டடீஸை மைனரா, அதாவது துணைப் பாடமா, எடுக்கப் போறன் எண்டு நீ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை போன்ல நான் "குளோபல் ஸ்டடீஸ் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறாய்" எண்டு கத்திப்போட்டன், நீயும் டக்கெண்டு கட் பண்ணிப்போட்டாய், அம்மா ரெண்டு நாளா என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. வாயால கதைச்சா திரும்பவும் பிழைச்சுப் போகும், அதான் எழுதுறன்.

நீ அனுப்பின ரிக்குவயர்மென்ட் பேப்பரை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் வெள்ளவத்தையில வழமையான கடையில ஒரு பிளேன்டீயோட இருந்து வாசிச்சன். 30 வருசம் ஹாபர்ல வார்ஃப் கிளார்க்கா நிண்டவன் எல்லே, எந்தப் பேப்பரையும் அடியில கிடக்கிற சின்ன எழுத்தில இருந்துதான் தொடங்குவன். 18 கிரெடிட், மூண்டு மூண்டா ஆறு கோர்ஸ். இன்ட்ரோ ஒண்டு கட்டாயம், கடைசியில ஒரு செமினார், நடுவில நாலு எலெக்டிவ், அதுவும் எல்லாத்தையும் ஒரே டிபார்ட்மென்டில எடுக்கேலாது. சி கிரேடுக்குக் கீழ வந்தா கணக்கில இல்லை. இதெல்லாம் நீ பாத்திருப்பாய். ஆனா மேஜரோட ரெண்டு கோர்ஸ் மட்டும்தான் பங்கு போடலாம் எண்டு அடியில ஒரு வரி கிடக்கு, அதைக் கண்டனியோ? உன்ர எகனொமிக்ஸில இன்டர்நஷனல் ட்ரேடையும் டெவலப்மென்டையும் அதுக்குக் குடு, அப்ப புதுசா நாலுதான், செமஸ்டருக்கு ஒண்டு எண்டா மிச்ச ரெண்டு வருசத்தில முடிஞ்சிடும். அதுக்கு மேல இழுபட விடாத. மைனருக்காக ஒரு செமஸ்டர் கூட நிண்டா ஐ-20 எண்ட ஸ்டூடன்ட் விசாப் பேப்பரை நீட்டோணும், கம்பஸ்காரர் வலுவான காரணம் கேப்பினம், டொலருக்கும் நான்தான் ஓடித்திரியோணும்.

வெளிநாட்டில ஒரு டேர்ம் படிக்கோணும் எண்டதை வாசிச்சிட்டு எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. நீ இப்ப நிக்கிறது என்ன, தெஹிவளையே? அட்வைசரிட்டக் கேள், கொழும்புப் பிள்ளைக்கு அமெரிக்கா வெளிநாடு இல்லையோ எண்டு. இன்னொரு பாஷையும் ரெண்டாம் வருச லெவலுக்குத் தெரிஞ்சிருக்கோணுமாம். தமிழுக்கு சோதினை வைச்சு ஏற்பினமோ எண்டு அதையும் சேர்த்துக் கேள். அம்மா சொல்லுறா, "வீட்டில பேச்சு வாங்கினதுக்கு கிரெடிட் தருவினமே" எண்டு. என்ன சொன்னாலும் ஈமெயிலில எழுதி எடு, வாயால சொன்னதை நம்பி ஹாபர்ல எத்தினை பேர் டெமரேஜ், சாமான் எடுக்கப் பிந்தினதுக்குத் தண்டம், கட்டினதைப் பாத்தனான்.

எலெக்டிவில இந்து சமுத்திர வரலாறு எண்டு ஒண்டு இருக்கு, அதை விட்டிடாத. சின்னனில மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க ஒரு கல்லு காட்டினனான், ஞாபகமிருக்கோ? 1409ம் ஆண்டுத் திகதி போட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின்ர கப்பலில வந்தது, 1911ல காலி நகரத்தில மதகுக்கு மூடியாக் கிடந்து எடுத்தவை. சீனத்தில புத்தருக்கு, தமிழில தென்வரை நாயனார் எண்ட விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு, காணிக்கை லிஸ்ட் மட்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஒரே ஷிப்மென்டுக்கு மூண்டு பில் போட்ட மாதிரி! நேற்று அதை நினைச்சுக்கொண்டு படுத்தனான், அப்பதான் யோசிச்சன், நான் முழு வயசும் பில் ஒஃப் லேடிங், கப்பல் சரக்குப் பத்திரம், பாத்து செய்த வேலையும் இதுதானே, அதுக்கு ஒரு படிப்பு இருக்கெண்டு தெரியாமத்தான் உன்னைப் பேசினது.

செமினாருக்கு என்ன எழுதுறது எண்டு தலையைப் பிய்க்காத. 2022ல ஏப்ரல் 12ம் திகதி எங்கட அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டுறம் எண்டு சொன்னது, அதுக்கு முன்னம் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது, நீ மெழுகுதிரியில ஏ எல் படிச்சாய், நான் பெற்றோல் கியூவில காருக்குள்ள நித்திரை. கடன் தந்தவை ஆர், சீனா, ஜப்பான், இந்தியா, பிறகு பொண்ட் எண்ட கடன் பத்திரம் வாங்கின வெளிநாட்டுக்காரர், ஆளாளுக்கு ஒவ்வொரு கதை. உன்ர வகுப்பில மற்றவை அதைப் புத்தகத்திலதான் படிப்பினம்.

அம்மா மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறா, அடுத்த மாசம் ஆக்கள் வரேக்க குடுத்து விடுறன். அட்வைசருக்கு ஈமெயில் போட்டா எனக்கும் ஒரு கொப்பி அனுப்பு.

அப்பா