கிராஃபைட்டோடு நிறுத்திவிட வேண்டாம்: வேதியியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் திண்மநிலை வேதியியல் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் முதல் வகுப்பில், அடுக்கு அமைப்புள்ள பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். கிராஃபைட் என்ற பதில் உடனே வரும். இன்னொன்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கிராஃபைட் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால், அடுக்குகளுக்கு இடையே வலுக்குறைந்த வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே இருப்பதால் அவை எளிதில் சறுக்குகின்றன என்று, பள்ளியில் படித்ததை வரி மாறாமல் ஒப்பிப்பார்கள். அந்த விளக்கம் பாதிதான் உண்மை. இம்மடலை எழுதத் தூண்டியதும் அதுவே.

வெற்றிடத்தில் கிராஃபைட்டின் வழுக்கும் தன்மை பெருமளவு போய்விடுகிறது. அதன் பரப்பில் ஒட்டியிருக்கும் நீராவி போன்றவையே அதற்குத் துணைநிற்கின்றன. மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த, அடுக்கு அமைப்புள்ள மாலிப்டினம் டைசல்பைடு அப்படியன்று. மாலிப்டினம் அணுக்களின் தளம் ஒன்றை மேலும் கீழும் கந்தக அணுத் தளங்கள் பொதிந்திருக்க, மூன்றும் வலுவான பிணைப்பால் ஒரே ஏடாக நிற்கின்றன. ஏட்டின் தடிமன் ஏறத்தாழ 0.65 நானோமீட்டர். ஏட்டின் இரு முகங்களிலும் கந்தகமே இருப்பதால் ஏடும் ஏடும் இறுகப் பற்றிக்கொள்வதில்லை. எனவே வெற்றிடத்திலும் அது வழுக்கும். விண்கலங்களின் நகரும் பாகங்களில் உலர் மசகாகப் பூசப்படுவதும், வாகனப் பட்டறையில் மெக்கானிக்கின் விரல்களைக் கறுப்பாக்கும் ஒருவகை கிரீஸில் கலந்திருப்பதும் இதுதான்.

மாலிப்டினம் டைசல்பைடு இயற்கையில் மாலிப்டினைட் என்ற கனிமமாகக் கிடைக்கிறது. அதையும் கிராஃபைட்டையும் உலகம் நெடுங்காலம் ஒன்றென்றே மயங்கியிருந்தது. 1778இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளரே மாலிப்டினைட் வேறு, கிராஃபைட் வேறு என்று நிறுவினார். என் வகுப்பில் மெருகிட்ட வெள்ளைப் பீங்கான் ஓட்டில் இரண்டையும் தேய்த்துக் காட்டுவேன். கிராஃபைட்டின் கோடு கருமையாக விழும்; மாலிப்டினைட்டின் கோட்டில் மெல்லிய பச்சைச் சாயல் தெரியும். மாணவர்கள் ஓட்டை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் காணும்போது, இதைப் பள்ளியிலேயே இவர்கள் பார்த்திருக்க வேண்டுமே என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது.

நானோ அமைப்புகளைப் பற்றிய பாடத்துக்கும் இதுவே நல்ல வாயில். ஏட்டின் நடுவிலுள்ள அணுக்களுக்குப் பிணைப்பு நிறைவாக இருக்கிறது. விளிம்பில் இருப்பவற்றுக்கோ குறையாக இருக்கிறது. ஏடு மிகச் சிறியதாகும்போது விளிம்பணுக்களின் விகிதம் கூடுவதால், அது வளைந்து விளிம்போடு விளிம்பைச் சேர்த்து மூடிக்கொள்ள முனைகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னே குழுவினர் 1992இல், இதே அடுக்கு அமைப்புள்ள டங்ஸ்டன் டைசல்பைடில் இத்தகைய குழாய்களையும் வெங்காயம்போல் அடுக்கடுக்காக மூடிய கூடுகளையும் கண்டறிந்தனர். கார்பன் ஏடு சுருண்டு உருவாகும் மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாய் பற்றி ஜப்பானிய இயற்பியலாளர் ஈஜிமா எழுதி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. குழாயாகச் சுருளும் இயல்பு கார்பனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த ஆய்வு காட்டியது.

மசகுக்கு இந்த விளிம்பில்லாக் கூடுகள் ஏற்றவை. வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கத்துக்கு நேர்மாறாக விளிம்புகளே வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலின் கந்தகத்தை ஹைட்ரஜனைக் கொண்டு நீக்கும்போது, கோபால்ட் அல்லது நிக்கல் சேர்த்த மாலிப்டினம் டைசல்பைடு துகள்களின் விளிம்புகளில்தான் பெரும்பாலும் வினை நடக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 (வாகனப் புகைக்கான இந்தியத் தரநிலை) எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பை எட்ட உதவும் வேதியியலை, பெட்ரோல் பங்கைத் தினமும் கடந்து செல்லும் மாணவருக்கு நாம் சொல்லாமல் விடலாமா?

இயற்பியல் ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. எலக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு மின்சாரம் கடத்தத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, மாலிப்டினம் டைசல்பைடு கனிமக் கட்டியாக இருக்கையில் ஏறத்தாழ 1.3 எலக்ட்ரான் வோல்ட்; அது ஒற்றை ஏடாக உரித்ததும் 1.8க்கும் மேலாகி, ஒளி உமிழும் திறனும் பன்மடங்கு கூடுகிறது. 2010இல் இது தெளிவானது. கிராஃபைட்டின் ஒற்றை ஏடான கிராஃபீனில் அத்தகைய இடைவெளியே இல்லை.

நான் கேட்பது ஒரு தனிப் பாடமன்று. அடுத்த திருத்தப் பதிப்பில் கிராஃபைட்டுக்குப் பக்கத்திலேயே மாலிப்டினம் டைசல்பைடின் படத்தையும் இடுங்கள். வழுக்கலுக்கான விளக்கத்தில் ஈரப்பதத்தின் பங்கைச் சேருங்கள். செய்முறைப் பகுதியில் அந்தப் பீங்கான் ஓட்டுச் சோதனைக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வரைவு அணியமானால், சம்பளமின்றிப் படித்துத் திருத்தித் தர நானும் என் மாணவர்களும் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்