கணக்கீட்டை மனப்பாடமாக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கல்விப் பக்கத்தில் உயர்தர வர்த்தகப் பிரிவுக்கு வரும் மாதிரி வினாத்தாள்களை மகளுக்காக வெட்டி வைக்கிறேன், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைப் புடவைக் கடையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மகள் கணக்கீடு எடுத்தபோது சொந்தக்காரர்கள் சிலர், "கணக்கப்பிள்ளையாகத்தானா போகப் போகிறாள்?" என்று கேட்டார்கள். அது பரவாயில்லை. எனக்குக் கவலை தந்தது வேறு.

போன மாதம் அவள் வங்கி இணக்கக் கூற்று ஒன்றை, அதாவது நம் புத்தகத்து மீதியும் வங்கி காட்டும் மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் கணக்கை, செய்து முடித்தாள். விடை சரி. அப்புறம் எங்கள் வங்கியிலிருந்து வந்த கூற்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நாங்கள் போட்ட காசு, எங்கள் புத்தகத்தில் எழுதினால் வரவு மீதி, இங்கே ஏன் செலவு மீதி என்று இருக்கிறது?" என்று கேட்டாள். (கணக்கீட்டில் நாங்கள் டெபிட்டை வரவு என்றும் கிரெடிட்டைச் செலவு என்றும் சொல்வோம்.) அந்தக் கூற்றை எழுதுவது வங்கி, நாம் வைப்பிலிட்ட காசு வங்கியைப் பொறுத்தவரை நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதாவது அதற்குப் பொறுப்பு, பொறுப்பு கூடினால் செலவுப் பக்கம். இவ்வளவுதான். ஒரு வருடமாக ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவள் கேட்டதற்கும் "அப்படியே பாடமாக்கு, கேள்வி இப்படித்தான் வரும்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் அந்த ஆசிரியருக்கும் வேறு வழி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விளங்காததைத் தேடி யூடியூப் பக்கம் போனால் இன்னும் குழப்பம். தமிழ்நாட்டு வீடியோக்களில் நாங்கள் வரவு என்று சொல்வதைப் பற்று என்கிறார்கள், நாங்கள் செலவு என்பதை வரவு என்கிறார்கள். அவர்கள் முறையில் அது சரியே, ஆனால் காரணம் தெரியாமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை இரண்டு முறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சோதனை மண்டபத்தில் அது புள்ளியையே தின்றுவிடும்.

இருப்பு மதிப்பீடும், அதாவது விற்காமல் மீந்த சரக்குக்கு விலை போடுவதும், அப்படித்தான். கிரயம் (வாங்கிய விலை), விற்றால் செலவு போகக் கையில் வரக்கூடிய தொகை, இரண்டில் குறைந்ததை எடு என்பதை வசனமாகச் சொல்லுவார்கள். எங்கள் கடையில் தீபாவளி முடிந்து தங்கிப்போன சேலை ஒன்று 4,500 ரூபாவுக்கு வாங்கியது, இப்போது 3,800 ரூபாவுக்குத்தான் போகும் என்றால் அதை 4,500 என்று எழுதி வைப்பது முதலாளி தன்னையே ஏமாற்றிக்கொள்வது. வராத 700 ரூபாவைச் சொத்தாகக் காட்டிவிட்டு அதை நம்பி அடுத்த சரக்குக்குப் பிந்திய திகதியிட்ட காசோலை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புறக்கோட்டையில் யாரிடமும் கேட்கலாம். இதை மகளுக்குச் சொன்ன அன்று அவள் அந்த நியமத்தைத் திரும்பப் படிக்கவே இல்லை, தேவைப்படவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு கிழமையாவது வினாத்தாளுக்குப் பதிலாக ஒரு வங்கிக் கூற்றையும் அதே மாதக் காசேட்டின் ஒரு பக்கத்தையும் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள், பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு. எந்தக் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி நமக்குச் சொல்லாமல் எந்தக் கட்டணத்தைக் கழித்திருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே விரல் வைத்துத் தேடட்டும். பற்றுச்சீட்டு, காசோலை அடிக்கட்டை, பில் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். பாடசாலைகளிலும் ஆசிரியர்கள் இப்படிப் பழைய பில் கட்டு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் நல்லது.

முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மாதிரிகள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6